பொதியைக் கட்டிய கை

கார்த்திகைத் தீபத் திருநாளன்று திருவண்ணாமலையின் உச்சியில் எரியும் ஒளியைத் தொலைவிலிருந்து காண்பவர்க்கு அது ஒரே சுடர். அச்சுடருக்குப் பின்னே எத்தனை கைகள் உள்ளன என்பதை அவ்வூரார் அறிவர். பல ஊர் மக்கள் நெய்க் காணிக்கை செலுத்துகின்றனர். கோயிலார் அதனைப் பெற்றுக்கொள்கின்றனர். திரிக்குரிய துணியும் பெரிய கொப்பரையும் மலையேறுகின்றன. வழிவழியாக அப்பணிக்கு உரியவரான பர்வத ராஜகுலத்தினர் உச்சியில் தீபம் ஏற்றுகின்றனர். கொடுத்தவர் ஒருவர், சுமந்தவர் ஒருவர், ஏற்றியவர் ஒருவர். கீழே நின்று தொழுபவரோ இவர்களுள் எவரையும் நேரிற் கண்டவரல்லர், எனினும் நம்புகிறார்.

மாணவ நண்பர்களே, கணினியில் நாம் நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருளும் இவ்வாறு பல கைகள் மாறி நம்மை வந்தடைவதே ஆகும். திரையில் ஒரு சின்னத்தைத் தொட்டதும் ஒரு நிரல் இயங்குகிறது. அதனை எழுதியவர் யார்? கணினிக்கு விளங்கும் வடிவில் அதனை மாற்றியது எது? கட்டி அனுப்பியவர் யார்? இவ்வினாக்களை நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டும், கேட்டால் விடை கிடைக்குமாறு ஒரு முறையும் அமைந்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் பற்றியே இன்று சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன்.

தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அப்போது வழங்கிய கணினிகளில் விண்டோசுடன் 'பாஸ்' லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பும் சேர்ந்தே வந்தது. பாஸ் என்பது மைய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அதன் முதற் பதிப்பு 2007இல் வெளிவந்தது. ஆயினும் அஃது அடியோடு புதிதாக எழுதப்பட்டதன்று. டெபியன் என்னும் பெருங் கட்டடத்தின்மேல் எழுப்பிய மாடம் அது.

டெபியன் என்பது யாது? 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் இயான் மர்டாக் என்னும் அமெரிக்க மாணவர் ஒருவர் தொடங்கிய கூட்டு முயற்சி அது. தம் பெயரையும் டெப்ரா என்னும் தம் தோழியின் பெயரையும் இணைத்து அதற்கு அவர் பெயரிட்டார். அதற்கு முதலாளி இல்லை. உலகின் பல நாடுகளிலும் உள்ள தன்னார்வலர்கள், தாமே வகுத்துக்கொண்ட விதிகளின்படி அதனை நடத்தி வருகின்றனர். 2025 ஆகஸ்டில் வெளிவந்த அதன் 13ஆம் பதிப்பில் ஏறத்தாழ 70,000 பொதிகள் உள்ளன. பொதி என்னும் இச்சொல்லே நம் பேச்சின் திறவுகோல். ஆதலின் அதனை முதலில் விளங்கிக்கொள்வோம்.

நிரல் எழுதுபவர் மனிதர் படித்தறியக்கூடிய ஒரு மொழியில் எழுதுகிறார். சி என்னும் மொழி அவற்றுள் ஒன்று. இவ்வாறு எழுதியதை மூல நிரல் என்கிறோம். கணினியின் செயலி அம்மொழியை அறியாது. அஃது அறிந்தவை எண்களாலான இயந்திரக் கட்டளைகள் மட்டுமே. எனவே மூல நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்ற மற்றொரு நிரல் தேவைப்படுகிறது. அதனையே நிரல்பெயர்ப்பி என்பர். கம்பைலர் என்றால் உங்களுக்கு உடனே விளங்கும்.

பெயர்த்து முடித்த நிரலை அப்படியே பயனரிடம் கொடுத்துவிட இயலாது. அஃது எந்தக் கோப்பகத்தில் அமர வேண்டும், எவ்வெந்நிரல்கள் உடனிருந்தால் இயங்கும், இது எத்தனையாவது பதிப்பு, இதற்குப் பொறுப்பாளர் யார் என்னும் செய்திகளும் உடன் செல்ல வேண்டும். நிரலையும் இச்செய்திகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியதே பொதி. கட்டுபவரைப் பொதியாளர் என்போம். பெரும்பாலும் இவர் நிரலை எழுதியவரல்லர். எழுதியவருக்கும் பயனருக்கும் இடையே நிற்பவர்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். டெபியன் கணினி ஒன்றில் தமிழ் 99 முறையில் தட்டெழுத விரும்பும் மாணவி, 'ஐபஸ்-எம்17என்' என்னும் பொதியைக் கேட்கிறாள். அப்பொதியின் முகப்பில் ஒரு பட்டியல் இருக்கும்: ஐபஸ் என்னும் உள்ளீட்டு நிரல் வேண்டும், எம்17என் என்னும் நூலகம் வேண்டும், அந்நூலகத்திற்குப் பல மொழி விசைப்பலகைகளின் தரவுத் தொகுதி வேண்டும். இவை சார்புகள் எனப்படும். மாணவி கேட்டது ஒன்று. கணினி தானே படித்தறிந்து கொணர்ந்தவை பல. எழுத்துக்குரிய 'லோஹித் தமிழ்', 'மீரா இனிமை' முதலிய எழுத்துருக்களும் இவ்வாறே பொதிகளாகக் கிடைக்கின்றன. பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் நிரல் நிறுவப்படும், ஆனால் இயங்காது. மாணவி தன் கணினியைக் குறை கூறுவாள். குறையோ கட்டியவர் கையில் இருக்கும்.

டெபியனில் புதிய பொதி எதுவும் நேரே பொதுமக்களிடம் செல்வதில்லை. முதலில் 'நிலையற்றது' என்னும் பிரிவில் நுழைகிறது. சில நாள் வரை பெருங்குறை எதுவும் தென்படாவிடில் 'சோதனை' என்னும் பிரிவுக்கு நகர்கிறது. ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை, சோதனைப் பிரிவு முழுவதும் செப்பம் செய்யப்பட்டு 'நிலையானது' என வெளியிடப்படுகிறது. அறுவடையான நெல்லை உடனே குத்தாமல் காயவைத்துப் பதம் பார்ப்பது போன்றது இக்காத்திருப்பு. இதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

இனி, நிரல்பெயர்ப்பியைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றிப் பேசுவோம். கட்டற்ற மென்பொருள் உலகில் நெடுங்காலமாக முதலிடம் பெற்றது ஜிசிசி. ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டத்தின் பகுதியாக அது 1987இல் வெளிவந்தது. மற்றொன்று கிளாங். இலினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னரும், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவரான விக்ரம் அட்வேயும் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய எல்எல்விஎம் என்னும் ஆராய்ச்சியின் வழியில் வளர்ந்தது அது. டெபியன் இன்றும் பெரும்பாலும் ஜிசிசியையே பயன்படுத்துகிறது. ஃபிரீபிஎஸ்டி என்னும் மற்றோர் இயக்க அமைப்போ, 2014இல் வெளியிட்ட 10ஆம் பதிப்பில் கிளாங்கை முதன்மையாகக் கொண்டது. ஜிசிசியின் புதிய பதிப்புகளுக்குரிய உரிமத்தை அக்குழுவினர் ஏற்க விரும்பாததே அதற்கு முக்கியக் காரணம். நிரல்பெயர்ப்பியைத் தேர்வது விரைவையும் அளவையும் மட்டும் பொறுத்ததன்று. கொள்கையும் அதனுள் அடங்கும் என்பது இதனால் விளங்கும்.

ஒரே நிரல்பெயர்ப்பியின் இரு பதிப்புகளுக்கு இடையேயும் பெரும் வேறுபாடு உண்டு. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த ஜிசிசியின் 14ஆம் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சி மொழியில் ஒரு செயற்கூற்றை முன்னர் அறிவிக்காமலேயே அழைத்தால், பழைய பதிப்புகள் எச்சரித்துவிட்டு மேலே செல்லும். புதிய பதிப்போ அதனைப் பிழையெனக் கொண்டு நின்றுவிடும். பல்லாண்டுகளாகக் குறையின்றிக் கட்டப்பட்டு வந்த பழைய நிரல்கள் பல, இக்கண்டிப்பான ஆசிரியர் வந்ததும் தேர்ச்சி பெறாமல் போயின. பொதியாளர்கள் ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்த வேண்டியதாயிற்று. உழைப்பு மிகுதிதான், ஆனால் மறைந்து கிடந்த பிழைகள் வெளிப்பட்டன.

இவ்வளவு பாடு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மூல நிரல் எல்லார்க்கும் திறந்து கிடக்கும்போது அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது என்றும் எண்ணலாம். மூன்று நிகழ்ச்சிகளைக் கூறுகிறேன்.

முதலாவது பொதியாளர் கையில் நேர்ந்த பிழை. இணையத்தில் செய்திகளை மறைபொருளாக்கி அனுப்ப உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் நூலகத்தை டெபியனுக்காகக் கட்டியபோது, சோதனைக் கருவி ஒன்று எச்சரிக்கை விடுத்தது. அவ்வெச்சரிக்கையை நீக்க விரும்பி, 2006இல் மூல நிரலிலிருந்து சில வரிகள் அகற்றப்பட்டன. அவ்வரிகளே மறைச்சாவியைக் கணிக்க இயலாதவாறு கலக்கிக் கொடுத்தவை. அதன் பின்னர் உருவான சாவிகள், ஒரு வகைக் கணினியில் ஒரு நீளத்திற்கு 32,768 என்ற அளவில் அடங்கிவிட்டன. கணினியைக் கொண்டு அத்தனையையும் சிறிது நேரத்தில் முயன்று பார்த்துவிடலாம் அன்றோ? லூசியானோ பெல்லோ என்பவர் கண்டறிய, 2008ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் இது வெளியிடப்பட்டது. நல்லெண்ணத்தோடு செய்த திருத்தம், ஏறத்தாழ 20 மாதங்கள் பலருடைய பூட்டுகளைப் பயனற்றவை ஆக்கியிருந்தது.

இரண்டாவது நிரல்பெயர்ப்பி செய்த வேலை. லினக்ஸ் கருவகத்தின் ஒரு பகுதியில், நினைவக முகவரி ஒன்றை முதலில் பயன்படுத்திவிட்டு, அதன்பின் அம்முகவரி வெறுமையானதா என்று சோதிக்குமாறு எழுதியிருந்தனர். வரிசை மாறிய எழுத்து அது. நிரல்பெயர்ப்பி என்ன செய்தது? 'முன்வரியிலேயே முகவரியைப் பயன்படுத்திவிட்டார்கள். எனவே அது வெறுமையாக இருக்க முடியாது. ஆதலின் இச்சோதனை வேண்டாதது' என்று கொண்டு, விரைவு கருதிச் சோதனையையே நீக்கிவிட்டது. மொழியின் இலக்கணப்படி அது செய்தது சரி. ஆனால் மூல நிரலைப் படிப்பவர் கண்ணுக்குத் தெரிந்த காவல், இயங்கும் நிரலில் இல்லாமற் போயிற்று. அவ்வழியே கணினியைக் கைப்பற்ற முடியும் என்பது 2009இல் வெளியாயிற்று. அதன்பின் எழுத்தைத் திருத்தியதோடு, இத்தகைய சோதனைகளை நீக்கலாகாது என்று நிரல்பெயர்ப்பிக்கே கட்டளையிடும் விதியையும் கருவகத்தார் சேர்த்துக்கொண்டனர்.

மூன்றாவது வஞ்சகம். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்னும் சிறு கருவியை நெடுங்காலமாக ஒருவரே தனித்துப் பேணி வந்தார். புனைபெயரில் வந்த ஒருவர் பல மாதங்கள் உதவி செய்வது போல் நடந்து, பொறுப்பில் பங்கும் பெற்றார். பின்னர், 2024இன் தொடக்கத்தில் வெளியிட்ட 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவை மறைத்து வைத்தார். அதனைத் திறந்துவிடும் வரிகள், எல்லாரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. பொதியாளர்க்கென வெளியிட்ட மூலக் கட்டில் மட்டுமே இருந்தன. அவ்வரிகளின் சூழ்ச்சியைக் கேளுங்கள்: கட்டப்படுவது லினக்சுக்காகவா, கட்டுவது ஜிசிசியா, டெபியன் முறையிலோ அதனையொத்த ஆர்பிஎம் முறையிலோ பொதியாகக் கட்டப்படுகிறதா என்றெல்லாம் சோதித்து, ஆம் எனில் மட்டுமே கள்ளக் கதவு உள்ளே புகும். தனியாளாகக் கட்டிப் பார்க்கும் ஆராய்ச்சியாளர் கண்ணில் படலாகாது என்பது அதன் நோக்கம் எனலாம். நிரல்பெயர்ப்பியையும் பொதி கட்டும் முறையையும் நாம் அறிந்திருக்கிறோமோ இல்லையோ, பகைவர் நன்கு அறிந்திருந்தனர்.

ஆண்ட்ரேஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் டெபியனின் நிலையற்ற பிரிவில் வேறொரு வேலையாகச் சோதனை நடத்தியபோது, தொலைக் கணினியில் நுழைவதற்கு ஏறத்தாழ அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கண்டார். அரை வினாடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. துருவிச் சென்று, மார்ச் 29ஆம் நாள் உலகறியச் செய்தார். நிலையான பிரிவுக்கு அப்பதிப்பு சென்றிருக்கவில்லை. முன்னர்க் கூறிய காத்திருப்பு இங்கே காத்து நின்றது.

இம்மூன்றிலும் மூல நிரல் திறந்தே இருந்தது. அப்படியிருந்தும் தீங்கு நேர்ந்தது ஏன்? திறந்த கதவு தானே காவல் புரிவதில்லை. காவலுக்கு ஆள் வேண்டும். மேலும், மூல நிரலைப் படிப்பது மட்டும் போதாது. படித்த மூலமும் இயங்கும் நிரலும் ஒன்றே என்பதற்குச் சான்று வேண்டும். இவ்விடத்தில்தான் இரண்டு நிரல்பெயர்ப்பிகள் இருப்பதன் அருமை விளங்குகிறது.

யூனிக்ஸ் இயக்க அமைப்பை உருவாக்கியவருள் ஒருவரான கென் தாம்சன், டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரை 1984இல் அச்சாயிற்று. அதில் அவர் எழுப்பிய ஐயம் கணினி அறிஞர் அனைவரையும் திடுக்கிடச் செய்தது. நிரல்பெயர்ப்பியே கள்ளத்தனம் கற்றிருந்தால் என்ன செய்வது? அது நுழைவு நிரலைப் பெயர்க்கும்போது ஒரு கள்ளக் கதவைச் சேர்க்கும். தன்னைத் தானே மீண்டும் பெயர்க்கும்போது அக்கள்ளத்தனத்தையும் சேர்த்தே பெயர்க்கும். மூல நிரலில் ஒரு வரியும் இராது. எத்தனை முறை படித்தாலும் அகப்படாது.

இதற்கு மாற்று உண்டு என்று டேவிட் வீலர் என்பவர் 2005இலும், விரிவாக 2009இலும் காட்டினார். அவர் முறையைச் சுருக்கிச் சொல்கிறேன். நாம் ஐயுறும் நிரல்பெயர்ப்பியின் மூலத்தை, தொடர்பற்ற மற்றொரு நிரல்பெயர்ப்பியால் பெயர்க்க வேண்டும். கிடைக்கும் நிரலைக் கொண்டு அதே மூலத்தை மீண்டும் ஒரு முறை பெயர்க்க வேண்டும். இப்போது கிடைப்பதும், ஐயத்திற்குரிய நிரல்பெயர்ப்பி தன்னைத் தானே பெயர்த்துத் தருவதும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால் கள்ளம் இல்லை எனலாம். வேறுபட்டால் ஆராய வேண்டும். கடைத்தெருவில் நெய் வாங்கியவர் எடையில் ஐயுற்றால், வேறொரு கடைத் தராசில் நிறுத்துப் பார்ப்பதில்லையா? இரண்டாம் தராசு குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டும் ஒரே வகையில் பொய் சொல்லாதிருந்தால் போதும். ஊரில் ஒரே தராசு இருந்தால் இச்சோதனைக்கு வழியே இல்லை.

இதே கருத்தைப் பொதிகளுக்கும் விரித்தனர். ஒரே மூலத்தை ஒரே விதமான சூழலில் இருவேறு ஊர்களில் இருவர் கட்டினால், விளைவு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். எளிது போலத் தோன்றும், எளிதன்று. கட்டிய நாளும் நேரமும் பொதிக்குள் பதிந்துவிடும். கோப்புகளின் வரிசை மாறும். கட்டியவர் கோப்பகத்தின் பெயர் நுழைந்துவிடும். டெபியன் குழுவினர் 2013 முதல் இவற்றை ஒவ்வொன்றாகக் களைந்து வருகின்றனர். இன்று அவர்கள் சோதிக்கும் பொதிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இவ்வாறு மீண்டும் ஒன்றுபோலக் கட்டக்கூடியனவாய் உள்ளன. 'என்னை நம்புங்கள்' என்று பொதியாளர் சொல்ல வேண்டிய தேவை குறைந்து, 'நீங்களே கட்டிப் பாருங்கள்' என்று சொல்லும் நிலை வந்துகொண்டிருக்கிறது.

இருப்பினும் மனிதரை மனிதர் அறிவதற்கு ஈடான ஒன்று இல்லை. டெபியனில் பொதியை ஏற்றுபவர் தம் மின்கையொப்பத்தை இட வேண்டும். அக்கையொப்பம் இன்னாருடையதே என்பதற்கு, முன்னரே உறுப்பினராக உள்ளவர்கள் அவரை அறிந்து சான்றளிப்பது வழக்கம். அச்சான்று பெரும்பாலும் முகத்தோடு முகம் பார்த்து அளிக்கப்படுவது. எனவே கூட்டங்கள் எங்கே நடைபெறுகின்றன என்பது சிறிய செய்தியன்று. பெருநகரங்களில் மட்டுமே கூடினால், பெருநகரத்தார்க்கே இக்கதவு திறக்கும்.

இந்நோக்கில் 2023ஆம் ஆண்டு நம் பகுதிக்குச் சிறப்புடையது. அவ்வாண்டு சனவரி 28, 29 நாள்களில் டெபியனின் சிறு மாநாடு ஒன்று விழுப்புரத்தில் நடைபெற்றது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் அதனை முன்னின்று நடத்தினர். திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி செல்லும் இருப்புப் பாதை தொடங்கும் ஊர் அது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடு கொச்சியில் கூடியது. சென்னைக்கோ பெங்களூருக்கோ போனால்தான் உண்டு என்றிருந்த தொடர்பு, ஒரு முழுநாளிற் சென்று திரும்பும் தொலைவுக்கு வந்ததை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

மாணவ நண்பர்களே, இப்பணியில் சேர்வதற்குப் பேரறிஞராக இருத்தல் வேண்டுமென்பதில்லை. பயன்படுத்தும் பொதி ஒன்றில் தமிழ்ச் சொல் பிழையாக இருந்தால் அதனை எழுதி அறிவிக்கலாம். ஒரு பொதியின் மூலத்தைக் கொணர்ந்து உங்கள் கணினியிலேயே கட்டிப் பார்த்து, வெளியிடப்பட்டதோடு ஒப்பிடலாம். உங்கள் சி நிரலை ஜிசிசியாலும் கிளாங்காலும் பெயர்த்து, இரண்டும் தரும் எச்சரிக்கைகளை அருகருகே வைத்துப் படிக்கலாம். ஒன்று காணாத பிழையை மற்றொன்று காண்பதை அப்போது உணர்வீர்கள். பேணுவார் இன்றிக் கிடக்கும் பொதிகளின் பட்டியலையும் டெபியன் வெளியிட்டுள்ளது. அவற்றுள் ஒன்றை ஏற்றுப் பேணலாம். எக்ஸ்இசட்டைத் தனித்துச் சுமந்தவருக்கு நேர்மையான துணைவர் ஒருவர் கிடைத்திருப்பின், வஞ்சகர் நுழைய அவ்விடம் வெறுமையாய் இருந்திராது என்பதை எண்ணிப் பாருங்கள்.

விலையின்றிக் கிடைக்கிறது என்பதற்காகக் கட்டற்ற மென்பொருளைப் போற்றுவோர் பலர். விலையின்மை அதன் சிறு நன்மையே. எழுதியவர், பெயர்த்த கருவி, கட்டிய கை ஆகிய மூன்றையும் சோதித்துப் பார்க்கும் உரிமையை அது நமக்குத் தருகிறது. உரிமை இருந்தும் ஒருவரும் சோதிக்காவிட்டால், அது பூட்டிய பெட்டியினும் சிறந்ததன்று. அரை வினாடித் தாமதத்தைக் கண்டு ஏன் என்று கேட்ட ஒருவரால் உலகம் பெருந்தீங்கிலிருந்து தப்பியது. அத்தகைய கேள்வியைக் கேட்பதற்கு ஒரு கணினியும் பொறுமையும் போதும். கேட்பவர் எந்த ஊரினராகவும் இருக்கலாம்.